படைத்தலைவனின் இடக்கை

“இல்லம்மா. நடையில இன்னும் பொண்ணு வரல.”

இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

அவள் மறுபடியும் சுவரோரம் போய் நின்றாள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டைகள். முழங்காலில் ஒன்று கழன்று தொங்கியது. அமுக்கி ஒட்டிக்கொண்டாள்.

சுற்றியிருந்த கேமராக்களுக்கு அவள் முகம் தேவையில்லை, உருண்டைகள் போதும். அவள் நடந்தால் திரையில் புள்ளிகள் நடக்கும். அந்தப் புள்ளிகளின் மேல் பிறகு ஒரு ராணியைப் போர்த்துவார்கள்.

ராணி ஏற்கெனவே தயார். சுவரில் ஆளுயரப் படமாக நின்றாள். போருக்குப் போகிறவள். கவசம் நெஞ்சோடு தீர்ந்துபோயிருந்தது.

இந்த வீடியோ கேம் கம்பெனியில் அவள் வேலை விழுவது. கேமில் எவள் மாடியிலிருந்து விழுந்தாலும், எவளை முடியைப் பிடித்து இழுத்தாலும், அது அவள்தான். கடைசியில் ஓடும் பெயர்களில் அவள் பெயர் வந்ததில்லை. செத்தவர்களுக்குப் பெயர் போடுவதில்லை.

இந்த முறை ராணி. நடை மட்டும் பிடித்துவிட்டால் பெயர் வரும்.

மகளிடம் சொல்லிவிட்டாள். அதுதான் தப்பு.

நடந்தாள். இயக்குநர் பெருமூச்சு விட்டார்.

“நீங்க யார் மாதிரி நடக்கிறீங்கன்னு காட்டட்டுமா?”

பக்கத்துத் திரையில் போன கேமின் படைத்தலைவன் வந்தான்.

அவனைத் தெரியாதவர்கள் இல்லை. உடம்பு வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வலக்கை வீசும். இடக்கை வீசாது, இடுப்பைவிட்டு ஒரு சாண் தள்ளி, வளைந்து, அப்படியே நிற்கும். வாளின் உறையைக் காக்கிற கை என்று ரசிகர்கள் எழுதினார்கள். கடைத்தெருவில் வாளில்லாத வாலிபர்களும் அப்படியே நடந்தார்கள்.

“இது ஆம்பள நடைம்மா. பொறந்ததுலேர்ந்து வாளோட வளர்ந்தவன். இவன மனசுல வெச்சுக்கிட்டு நடக்காதீங்க. உங்களுக்கு ஒட்டாது.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டான்.

போன கேம் எடுத்தபோது, படைத்தலைவனாக நடக்கவேண்டிய நடிகருக்கு ஒருநாள் கால் சுளுக்கு. கூடத்துக்கு வாடகை கட்டியாகிவிட்டது. விழுவதற்காக வந்திருந்தவளை, சும்மா ஒரு அளவுக்கு நடந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நடந்தாள். டெக்னீஷியன் பதிவு செய்தான். அன்று ஊரில் இல்லாத இயக்குநர் பிறகு வந்து பார்த்துவிட்டு நடிகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நடிகர் மறுக்கவில்லை.

இப்போது அவள் மறுபடியும் நடந்தாள். அடியைக் குறுக்கினாள். இடுப்பை இடமும் வலமும் தள்ளினாள். பாதியில், முழங்காலில் இருந்த உருண்டை உதிர்ந்து ஓடியது.

“அன்ன நடை நடக்கப் போயி தன் நடையும் போச்சாம்,” என்றான் படங்களுக்கு அசைவு கொடுக்கிற தாடிக்காரன். அறை சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கு ஒரு பேர் வைப்பார்கள்.

“வாயால நடக்காத. நீ வந்து காட்டு பாக்கலாம்,” என்றார் இயக்குநர்.

தாடிக்காரன் எழுந்து, இல்லாத முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒயிலாக ஒரு சுற்று நடந்தான். விசில் பறந்தது. போகிறபோக்கில் திரும்பி ஒரு பார்வையும் பார்த்தான்.

இயக்குநர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“இரு. உடைய மாட்டிக்கிட்டு வா.”

அவள் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தாடிக்காரன் இன்னொரு கறுப்பு உடையில் வந்து அதே சுற்றை நடந்தான். திரையில் புள்ளிகள் ஒயிலாக நடந்தன. புள்ளிகளுக்குத் தாடி இல்லை.

“இதுதாம்மா பொண்ணு.”

அதை அவளிடம்தான் சொன்னார். கோபமே இல்லை. சொல்லிக்கொடுக்கிற குரல்.

நாளையிலிருந்து வழக்கம்போல் விழ வரலாம் என்றார். பிறகு டீ குடிக்கப் போனார். வாசல்வரை அவர் போவதை அவள் பார்த்தாள். உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கை வீசவில்லை. பார்த்துப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டிருந்தது.

டெக்னீஷியன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, இப்பவாவது சொல்லிருங்க. அன்னிக்கு எடுத்தது எங்கிட்ட அப்படியே இருக்கு.”

“சொன்னா அதையும் திருத்தச் சொல்லுவாருப்பா.”

உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து டப்பாவில் போட்டாள். இடுப்பு எலும்பின் மேல் இருந்தது கடைசியாகக் கழன்றது.

படைத்தலைவன் நடந்த வருடம், மகள் தரையில் கால் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்த வருடம். வீட்டிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து காப்பகத்துக்கும் இடது இடுப்பில்தான் சவாரி. சாயங்காலம் திரும்பும்போது அங்கேயே தூங்கியும்விடுவாள்.

இப்போது பள்ளிக்குத் தனியாகப் போய்வருகிறாள். பெயர் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

அவள் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். இடக்கை இடுப்பைவிட்டு ஒரு சாண் தள்ளி, வளைந்தபடி கூடவே வந்தது.

மகள் இறங்கிவிட்டதை அதனிடம் யாரும் சொல்லவில்லை.