வரிக்கு வரி பொய்

முதல் வரியைப் படித்ததுமே கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

இணையக் குற்றப் பிரிவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து யாரும் சிரித்து அந்தப் பெண் காவலர் பார்த்ததில்லை. மானம் போய்விட்டதென்று வருகிறவர்கள் அழுவார்கள், இல்லாவிட்டால் மேசையைக் குத்துவார்கள்.

இவரோ ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட பெரிய மனிதர். பெயர் போடாத எவனோ முகநூலில் இவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறான். நானூறு பேர் படித்துச் சிரித்திருக்கிறார்கள். கோபம் வர வேண்டாமா?

அவதூறுப் புகார் என்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பதிவை அச்செடுத்து நீட்டுவார்கள். புகார் கொடுப்பவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மை, பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வரி உண்மையானாலும் எழுதியவனின் விலாசத்தைத் தேடமாட்டார்கள்.

‘பத்து வயது வரை இவன் தனியாகக் குளியலறைக்குப் போகமாட்டான். கதவுக்கு வெளியே ஒருவர் பாடிக்கொண்டே நிற்க வேண்டும்.’

பொய் என்று எழுதினார். எழுதிக்கொண்டே ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார்.

‘பள்ளி நாடகத்தில் ராஜா வேஷம் போட்டு, மேடையில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான்.’

“அட்டைக் கிரீடம். மூக்கு வரைக்கும் இறங்கிடும்” என்றார் யாரிடமோ. அதற்கும் பொய் என்றே எழுதினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று காவலருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. அதற்கு வயது பத்துக்கு மேல் சொல்ல முடியாது.

‘அப்பாவின் ரேடியோவைக் கழற்றிப் போட்டது இவன். காதோடு சேர்த்து அறை வாங்கியது வேறொருவன்.’

பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு எழுதிய ‘பொய்’ மட்டும் கோணல்மாணலாக வந்தது.

“பொய்ப் புகார்னு தெரிஞ்சா உங்க மேலயே வழக்கு வரும்யா.”

“வரட்டும்மா.”

யார்மீது சந்தேகம் என்ற கட்டத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். காவலர் முத்திரை குத்தினார். இனி விலாசம் கிடைத்த அன்றே ஆளைத் தூக்கிவந்துவிடுவார்கள்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்திரண்டு வருஷமாத் தேடுறேன்மா. போறவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. பின்னாலேர்ந்து கூப்பிட்டுத் திரும்பலைன்னா அடிச்சிடக் கூடாது. எங்க அண்ணனுக்கு இடது காது கேக்காது.”