தண்ணி காட்டிய வீடு

ஒரு விடுகதை. மழையே பெய்யவில்லை, தொட்டி நிறைந்தது. தொட்டி காலியானது, ஒரு சொட்டும் வீணாகவில்லை. எப்படி? யோசித்துக்கொண்டே வாருங்கள்.

பூங்காவில் ஒரு மாதிரி வீடு. கூரையில் சூரியத் தகடு, பக்கத்தில் மழைநீர்த் தொட்டி. பொத்தானை அழுத்தினால் சூரிய மின்சாரத்தில் மோட்டார் ஓடும். தொட்டித் தண்ணீர் செடிகளுக்குப் பாயும்.

இன்று திறப்பு விழா. பொத்தானை அழுத்தப் போகிறவள் ஒரு சிறுமி; எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் பொறுப்பாளர் அவளுடைய அத்தை.

குடிநீர்த் துறைத் தலைவர் வந்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் இல்லை.

"யாரு திறந்துவிட்டது?" அத்தை பல்லைக் கடித்தாள்.

"நான்தான்."

"தண்ணியை மிச்சம் பிடிக்கக் கத்துக்குடுக்கிற வீட்டுல, இருந்த தண்ணியையும் திறந்துவிட்டியா? புத்தி எங்கேடி போச்சு?"

"இங்கேயேதான் இருக்கு."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு."

தலைவர் குனிந்தார். "பாப்பா, தண்ணியோட அருமை உனக்குத் தெரியலை. ஒரு சொட்டைக்கூட வீணாக்கக் கூடாது. எங்கே, மன்னிப்புக் கேளு."

"மாட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர்.

அத்தை அவளைத் தனியே இழுத்தாள். "கேட்டுடு கண்ணு. ஐயா இன்னொரு தண்ணி லாரிக்குச் சொல்லிட்டாரு, இதோ வந்துடும். நீயே பொத்தானை அழுத்தலாம். இல்லேன்னா வேற பிள்ளையைக் கூப்பிடுவேன்."

பொத்தானை அழுத்த அவள் ஒரு வாரமாகக் கனவு கண்டிருந்தாள்.

"லாரித் தண்ணியை மழைத்தண்ணின்னு சொல்லி எல்லாருக்கும் தண்ணி காட்டறீங்க. நான் எதுக்கு மன்னிப்புக் கேட்கணும்?"

"மெதுவாப் பேசு. விழாவுக்காக ஒரு நாள்தானே?"

"காலையில வந்த லாரி யாருக்கு வர வேண்டியது அத்தை?"

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். வேலிக்கு அப்பால், பின்தெருவில், வாளிகள் மோதும் சத்தம் கேட்டது.

"வாளியோட நின்னவங்களைத் தாண்டி இங்கே வந்துச்சு. நான் குழாயை வேலிக்கு வெளியே விட்டேன். பாதித் தெருவுக்குத்தான் கிடைச்சுது."

வாசலில் இரண்டாவது லாரி வந்து நின்றது. தலைவர் புன்னகையோடு பொத்தானைக் காட்டினார்.

"வா பாப்பா. மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

வாயாடி பொத்தான் பக்கம் போகவில்லை. வேலியோரம் கிடந்த குழாயை இழுத்துக்கொண்டு லாரியை நோக்கிப் போனாள்.