முதல் வரி

"ரோவெலின், நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை இல்ல."

மேலாளர் நோனோய் சொல்லி முடித்ததும் ரோவெலின் தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படியா சார் சொல்வாங்க? கேக்குறவங்க மயங்கி விழுந்துடுவாங்க. நான் எழுதினபடி முதல்லேர்ந்து படிங்க!"

செபு நகரத்து அந்த அலுவலகத்தில் பயிற்சிப் படங்களுக்கு வசனம் எழுதுவது அவள் வேலை. ஊழியரை வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்று அதிகாரிகளுக்குச் சொல்லித்தர ஒரு வசனம் வேண்டும், ரொம்பக் காலம் உழைத்தவரிடமும் சொல்லும்படி இருக்க வேண்டும் என்று மணிலா தலைமையகத்திலிருந்து தாக்கீது.

செபுவில் ஒரு தலை உருளப்போகிறது என்ற பேச்சும் கூடவே வந்திருந்தது. அது தன் தலைதான் என்று ரோவெலின் முடிவுகட்டினாள். துடுக்காகப் பேசுகிறவளைத்தானே முதலில் அனுப்புவார்கள்! அதனால் தனக்கே சொன்னாலும் வலிக்காதபடி பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள்.

"முதல் வரியே 'சாப்பிட்டீங்களா'வா? வேலையை விட்டு அனுப்புறோமா, விருந்துக்குக் கூப்பிடுறோமா?" நோனோய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்ம ஊர்ல எதிரி வந்தாலும் அதைத்தானே சார் முதல்ல கேப்போம்?"

இருபதாண்டு சேவைக்காகக் கம்பெனி பரிசளித்த சுவர்க்கடிகாரத்தை நோனோய் நிமிர்ந்து பார்த்தார். "வசனம் ரெண்டு நிமிஷத்தைத் தாண்டுது. அந்த வரியை வெட்டு. கண்ணீர் துடைக்கக் காகிதம் நீட்டறதும் வேணாம். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

சரியென்று தலையாட்டியவள், மணிலாவுக்கு அனுப்பும்போது முதல் வரியை மட்டும் ஓசைப்படாமல் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் காலை மணிலா தலைமையகத்திலிருந்து அதிகாரி மேடம் மிலக்ரோஸ் வந்திறங்கினார். கையில் அவள் எழுதிய தாள். நேராக ரோவெலினின் மேசைக்கு வந்து நின்றார். அவள் அவசரமாக எழுந்து நின்றாள்.

"இதை எழுதினது நீதானா? ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று தோளில் தட்டிவிட்டு மேடம் நகர்ந்தார்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பிழைத்தோம்! ரோவெலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேடம் நோனோயின் அறைக்குள் நுழைந்தார். நோனோய் பல்லெல்லாம் தெரிய எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மேடம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா, நோனோய்?"