முதல் ஷிப்ட்

கூடத்தில் பெட்டி கட்டி வைத்திருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது.

“இருபத்தேழு வயசாவுது. இன்னும் ஷிப்ட்டுக்கு நான்தான் எழுப்பிவுட்டுக்கினு இருக்கணுமா? போதும்டா, இன்னையோட தனித்தனி” என்றார் தங்கராசு.

“கோவத்துல முடிவெடுக்காதப்பா” என்றான் மகன் தமிழ்மாறன்.

“கோவமில்ல. உன் வயசுல நானே சோறாக்கித் தின்னுட்டு மைன்ஸுக்குப் போனேன்.”

“புள்ளைக்கு சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதுங்க” என்று அம்மா வீராயி கண்ணைத் துடைத்தாள்.

“நீ வெச்சிக் குடுத்துக்கினே இருந்தா எப்படித் தெரியும்?”

“பிளாக்குல நாலு பேரு என்ன பேசுவாங்கப்பா?” தமிழ்மாறன் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“பேசட்டும்.”

தங்கராசு அவன் கையை விலக்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே ஆட்டோவில் ஏறினார். பின்னாலேயே வீராயியும் ஏறினாள்.

“நியாயமா நீதான் வெளிய போவணும். நான் ரிட்டயர் ஆயிட்டேன், மைன்ஸ் குவார்ட்டர்ஸ் இப்ப உன் பேர்ல இருக்கு. அதான் நாங்க பண்ருட்டியில வாடகைக்கு வூடு பாத்துட்டோம்” என்றார்.

ஆட்டோ நகர்ந்தது.

“நாளைக்கு உனக்கு மொத ஷிப்ட்டு. நீயே அலாரம் வெச்சி எழுந்திரு.”

பிளாக் முனை திரும்பியதும் தங்கராசு தன் போனை எடுத்து, அதிகாலை ஐந்துக்கு அலாரம் வைத்தார்.