டயர் மட்டும் மாற்றிய நீலக் கார்

சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று ஜும்ஆ தொழுகைக்குப் பின் பாலக்கரையில் ஒரு குடும்பத்தின் கௌரவம் டிவி திரையில் முடிவாகிறது. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் ஹாலித், சின்ன கார் வாங்கினால் போதும் என்கிறார். பெரிய கார்தான் மரியாதை என்கிறார் மச்சினர் அர்ஹம். ரேஸ் கேமில் ஜெயிப்பவர் சொல்லும் காரை நாளை புக் செய்வதாகப் பேச்சு. ஜன்னல் கம்பிகளின் நிழல் பாயில் நீளமாகக் கிடக்கிறது. மின்விசிறி பிரியாணி வாசனையை மெல்லக் கிளறுகிறது. திரையில் அர்ஹமின் வண்டிக்கு ஆயிரத்து இருநூறு குதிரைத்திறன். கிளம்பிய வேகத்தில் சுழன்று சுவரில் போய் இடிக்கிறது. ஹாலித் தன் பழைய நீலக் காரில் டயரை மட்டும் மாற்றி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கியிருக்கிறார். அது வளைவுகளில் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்து, கடலோரமாக மிதந்து போகிறது. திரையின் அந்தி வெளிச்சம் அவர் தாடியில் ஆரஞ்சாகப் படிகிறது. “இன்ஜின் பவரையும் ஏத்தியிருக்கலாம்ல மச்சான்?” “ஏத்தினா கடலைப் பாக்க முடியாது மாப்ளே. நீ சுவத்தைப் பாரு.” அர்ஹம் ஏழாவது தடவையாக ரிவர்ஸ் எடுக்கிறார். நீலக் கார் அவசரமே இல்லாமல் முடிவுக் கோட்டைத் தாண்டுகிறது. ஹாலித்தின் மனைவி ஜெஸிமா டீ தம்ளர்களோடு வந்து நிற்கிறாள். “யாருங்க ஜெயிச்சது?” “சின்ன காரு.” “சரி, அதை எங்க நிறுத்துவீங்க?” ஹாலித் ஜன்னல் வழியே பார்க்கிறார். கீழே எதிரெதிரே வந்த இரண்டு ஸ்கூட்டர்களில் ஒன்று பின்வாங்கி வழிவிடுகிறது. இந்தத் தெருவுக்குள் ஆட்டோவே வராது.