பதினைந்து நாளுக்கு ஒருமுறை

எந்த முறையில் செய்வது என்று இன்றே முடிவு சொல்லாவிட்டால் இந்த ஆப் வேலை கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொன்னதிலிருந்து, உதயகுமார் ‘அஜைல், அஜைல்’ என்று ஆயிரத்தெட்டு முறை ஜெபித்திருப்பான். எதிரே எழுபத்தெட்டு வயது வீராசாமி. கோயில் வரிசைக்குத் தன் செலவில் ஒரு ஆப் செய்து தருவது அவருடைய நேர்த்திக்கடன்.

“கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா காட்டுவோம் சார். ஜனங்க குறை சொல்லச் சொல்ல மாத்திக்கினே போவோம். அதான் அஜைல்.”

“நல்லா இருக்குதுபா.”

“அடுத்த மாசமே வரிசையில குடுத்துப் பாக்கலாமா?”

“அடுத்த மாசம் எப்படிபா? நான் கேட்டது அத்தி வரதர் வரிசைக்கு. போன தபா பத்து மணி நேரம் நின்னேன்.”

உதயகுமார் கணக்குப் போட்டான். அத்தி வரதர் குளத்தைவிட்டு வெளியே வருவது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை. அடுத்தது 2059.

“அப்போ அஜைல் ஒத்துவராது சார். குறை சொல்ல வரிசையே இல்லியே. நிதானமா மொத்தமும் முடிச்சு, 2059ல காட்டுறோம்.”

வீராசாமி சிரித்தார்.

“அதுக்கு நான் இருக்கணுமேபா. நீ பதினஞ்சு நாளைக்கு ஒருக்காவே காட்டு. குறை நான் சொல்றேன்.”