முதலில் அவரை

அபயாம்பாளுக்குக் காது மந்தம். அதனால் அவள் ரகசியம் பேசினால் கொடிமரம் வரை கேட்கும். இது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

திருவையாற்றில் அன்று பிரதோஷக் கூட்டம். நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்ல வரிசை நின்றது. அவள் முறை வந்ததும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பனே, எங்க ரெண்டு பேர்ல அவரையே முதல்ல கூப்பிட்டுக்கோ."

மொத்த வரிசையும் திரும்பி அவள் புருஷன் சிதம்பரநாதனைப் பார்த்தது. அவர் அர்ச்சனைக் கூடையைப் பார்த்தார்.

"சுமங்கலியாப் போகணும்னு வேண்டிக்குவாங்க, கேட்டிருக்கேன். இது என்ன கூத்து!" என்றாள் பின்னால் நின்ற அம்மாள்.

சிதம்பரநாதன் மனைவியை ஓரமாகக் கூட்டிப்போய், அவள் காதருகே கத்தினார். "ஏண்டி, உனக்கு நான் என்ன கொடுமை பண்ணினேன்?"

"ஐயய்யோ, கேட்டுடுச்சா?"

"தெற்கு வீதிக்கே கேட்டுடுச்சு!"

அபயாம்பாள் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "பின்னே என்னங்க பண்றது? உங்க அதட்டலெல்லாம் என்கிட்டதானே? நான் போயிட்டா, மருமக போட்டதை உப்பில்லேன்னாக்கூட வாயைத் திறக்காம தின்னுட்டு எழுந்திரிப்பீங்க. அப்படி உங்களை விட்டுட்டு எப்படிப் போறது? பூவும் பொட்டும் போனாப் போகுது."

சிதம்பரநாதன் அர்ச்சனைக் கூடையை அவள் கையில் கொடுத்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் நந்தியின் காதுப்பக்கம் குனிந்தார்.

"அவ சொன்னபடியே செஞ்சிடு, சாமி. ஆனா அவசரம் ஒண்ணுமில்லே."